‘மூளைச்சலவை’ உண்மையில் எப்படி நடக்கிறது? உள்ளே இருப்பவருக்கு என்ன எழுதுவது?

கூழாங்கல் (இழையைத் தொடங்கியவர்)

உதவி எண்ணில் பேசும் தன்னார்வலர்களுக்காக ஒரு சிறு கையேடு தயாராகிறது. மதக் குழு, அரசியல் தீவிரக் குழு, ‘வாழ்க்கையை மாற்றும் பயிற்சி’ நடத்துபவர்கள், வீட்டுக்குள்ளேயே துணையை அடக்கி வைத்திருக்கும் ஆள் என்று எல்லா அழைப்பும் ஒரே எண்ணுக்குத்தான் வருகிறது. இந்தத் துறையை அறிந்தவர்கள் இங்கே இருப்பதால் மூன்று கேள்விகள்.

தப்பு நடக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகும் ஏன் வெளியே வருவதில்லை? கண்டிப்பான குழுவையும் ஆளை விழுங்கும் குழுவையும் எதை வைத்துப் பிரிப்பது? குடும்பத்தார் என்ன எழுதினால் நல்லது, என்ன எழுதினால் கெடும்?

மூன்றாவதற்கு ஒரு மாதிரி. குடும்பங்கள் பொதுவாக அனுப்பும் செய்திகளைக் கலந்து நானே எழுதியது. தயவுதாட்சண்யம் இல்லாமல் வெட்டுங்கள்:

“நீ சேர்ந்திருப்பது ஒரு மோசடிக் கும்பல். உன்னை மூளைச்சலவை செய்துவிட்டார்கள். 14 இணைப்புகள் அனுப்பியிருக்கிறேன், எல்லாவற்றையும் படித்துவிட்டுப் பதில் சொல். அம்மா சாப்பிடாமல் அழுதுகொண்டே இருக்கிறாள். இந்த மாதத்துக்குள் வராவிட்டால் இனி இந்த வீட்டுப் பக்கமே வராதே.”

---

தராசுமுள்

முதல் வேலையாக ‘மூளைச்சலவை’ என்ற சொல்லைக் கையேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். 1950-ல் எட்வர்ட் ஹன்டர் என்ற பத்திரிகையாளர் சீனாவைப் பற்றி எழுதும்போது புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. கேட்டவுடன் புரிந்த மாதிரி இருக்கும், எதையும் விளக்காது.

கொரியப் போர் முடிந்தபோது ஆயிரக்கணக்கான அமெரிக்கக் கைதிகளில் ஊர் திரும்ப மறுத்தவர்கள் 21 பேர். முகாமில் வாக்குமூலம் எழுதிக்கொடுத்தவர்கள், கையெழுத்துப் போட்டவர்கள் நிறைய. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுதலை ஆனதும் நேராக வீட்டுக்குப் போனார்கள். பணிய வைப்பது ஒன்று, நம்ப வைப்பது வேறு. முதலாவது எளிது.

அந்த முகாம்களில் பணிய வைத்த வழிகளை சமூகவியலாளர் ஆல்பர்ட் பிடர்மன் 1957-ல் எட்டாகத் தொகுத்தார்: தனிமைப்படுத்தல், கவனம் முழுவதையும் ஆக்கிரமித்தல், உடலையும் மனதையும் களைப்பாக்குதல், மிரட்டல், அவ்வப்போது ஒரு சின்னச் சலுகை, தான் எல்லாம் வல்லவன் என்று காட்டுதல், மானத்தைக் குலைத்தல், அற்பக் கட்டளைகளைப் பிடிவாதமாக நிறைவேற்றச் செய்தல். அடி உதைக்கு இதில் தனித் தலைப்பே கிடையாது. தேவைப்படவில்லை.

இந்த எட்டில் கடைசியைத்தான் தன்னார்வலர்கள் கோட்டை விடுவார்கள். துண்டை மூன்றாக மடிக்க வேண்டும், செய்திக்கு இரண்டு நிமிடத்தில் பதில் வர வேண்டும், கரண்டி வலப்பக்கம் இருக்க வேண்டும். கேட்பவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் கட்டளை அற்பமாக இருப்பதுதான் அதன் பயனே. நியாயமான கட்டளைக்குப் பணிந்தால் அது நியாயத்துக்குப் பணிவது. அர்த்தமில்லாத கட்டளைக்குப் பணிந்தால் ஆளுக்குப் பணிவது. அழைப்பவர் “சின்ன விஷயம்தான், ஆனால்…” என்று தொடங்கினால் பேனாவை எடுங்கள்.

இன்னொன்று. சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர், கொரியாவின் சன் மியுங் மூன் தொடங்கிய ‘மூன் சபை’ என்ற மதக் குழுவைப் பற்றி 1984-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய தங்கும் பயிலரங்குக்குப் போன ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கணக்கெடுத்தார். பத்தில் ஒன்பது பேர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுக்குள் தாங்களாகவே கிளம்பிவிட்டார்கள். போனவர்களையெல்லாம் பிடித்துப்போடும் மாய வலை எதுவும் கிடையாது.

---

சாளரம்

தராசுமுள் சார், பார்க்கரின் எண்ணை இன்னொரு பக்கமிருந்தும் வாசிக்கலாம். பயிலரங்கு என்பது சல்லடை. ஒன்பது பேர் கீழே விழுந்துவிடுவது சல்லடை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மேலே தங்கும் ஒருவரை வைத்துத்தான் அடுத்த கட்டம். உதவி எண்ணுக்கு அழைக்கும் குடும்பம் அந்த ஒருவருடைய குடும்பம், அவர்களிடம் போய் “பெரும்பாலோர் தானாக வந்துவிடுவார்கள்” என்று சொன்னால் போனை வைத்துவிடுவார்கள்.

தங்கியவருக்கு நடப்பதைக் கால வரிசையில் சொல்கிறேன். முதல் சில வாரம் அன்பு மழை. பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், தனியாக உட்கார விடமாட்டார்கள், சொன்னதையெல்லாம் நினைவு வைத்துக் கேட்பார்கள். இது முழுக்க நடிப்பு என்று நினைக்க வேண்டாம், புதிதாக வந்தவரைக் கொண்டாடும் பழைய உறுப்பினருக்கு அந்த மகிழ்ச்சி நிஜம். பிறகு நேரம் போகும். விடியுமுன் எழுவது, நள்ளிரவு வரை கூட்டம், நடுவில் வேலை. ஐந்து மணி நேரத் தூக்கம் சில வாரம் நீடித்தாலே கவனமும் எடைபோடும் திறனும் மழுங்கும், அதற்குச் சித்தாந்தம் எதுவும் வேண்டியதில்லை. அதன்பின் பாவ அறிக்கை. குழுவின் முன் மனதைத் திறந்து கொட்டும்போது முதலில் பெரிய ஆறுதல் கிடைக்கும். கொட்டியதெல்லாம் பிடிமானமாக மாறுவது பின்னால்தான் தெரியும்.

இதற்கெல்லாம் நடுவில் அன்பு விட்டு விட்டுத்தான் வரும். இன்று கட்டிப்பிடிப்பு, நாளை முகம் திருப்பல், காரணம் சொல்லப்படாது. உளவியலாளர்கள் டட்டனும் பெயின்ட்டரும் 1981-ல் அடிபடும் மனைவியருக்கும் அடிப்பவருக்கும் நடுவே உண்டாகும் பிணைப்பை விளக்கியபோது இரண்டு நிபந்தனை சொன்னார்கள்: அதிகாரத்தில் ஏற்றத்தாழ்வு, நல்லதும் கெட்டதும் மாறி மாறி வருவது. ஒரே சீராகக் கொடுமை செய்பவரை விட்டுப் போவது இதைவிட எளிது.

இத்தகைய குழுக்களை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஸ்டைன் இதைப் பிள்ளைப் பருவப் பற்று பற்றிய கோட்பாட்டோடு இணைக்கிறார். பயந்த குழந்தை தாயிடம் ஓடும். பயமுறுத்துவதே தாய் என்றால்? அப்போதும் அவளிடமேதான் ஓடும், ஓட வேறு இடம் இல்லை. தலைவர் முதலில் மற்ற இடங்களை அடைக்கிறார், பிறகு பயமுறுத்துகிறார். வரிசை மாறினால் வேலை நடக்காது. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: கண்ணால் பார்த்துப் பயந்த பிறகுதான் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள்.

---

குறுக்குச்சால்

எல்லாம் சரி. விடியுமுன் எழுப்புவது, துண்டு மடிப்பது, குறைத் தூக்கம், ஒரே மாதிரி உடை, மேலே இருப்பவரை எதிர்த்துப் பேசக்கூடாது. இது ராணுவப் பயிற்சி முகாம் இல்லையா? துறவி மடம் இல்லையா? இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் ‘கல்ட்’, அதாவது ஆளை விழுங்கும் குழு என்று சொல்லிவிடலாம். பிடிக்காத மருமகளின் யோகா வகுப்பையும் சொல்வார்கள். கல்ட்களைப் பற்றி எழுதும் ஸ்டீவன் ஹாசன் நடத்தை, தகவல், சிந்தனை, உணர்ச்சி என்று நான்கு தலைப்பில் தருகிற பட்டியலும் அப்படித்தான். ஒவ்வொன்றாக டிக் அடிக்கலாம், ஆனால் எந்த டிக்குக்கு எவ்வளவு எடை என்று எங்கே இருக்கிறது?

---

பழைய_ஏடு

சரியான கேள்வி. பட்டியல் பார்க்காதீர்கள், கதவைப் பாருங்கள்.

கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்பவர் குறைந்தது ஓர் ஆண்டு புகுமுகப் பயிற்சியில் இருக்க வேண்டும், அதன்பின் குறைந்தது மூன்று ஆண்டு தற்காலிக வாக்குறுதி. அதற்குப் பிறகுதான் நிரந்தரம். திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. உள்ளே போவது மெதுவாக, நடுவில் பல தடவை “போகலாமா?” என்று கேட்டு. ராணுவத்தில் சேவைக்காலம் எழுதியிருக்கும், சம்பளம் உங்கள் கணக்குக்குப் போகும், விடுப்பு உண்டு, மேலதிகாரிக்கு மேல் ஒரு நீதிமன்றம் உண்டு. ஆளை விழுங்கும் குழுவில் இது தலைகீழ். வார இறுதி முடிவதற்குள் சேர்ந்துவிடு, வெளியேறுவது பற்றிப் பேச்சே எடுக்காதே. (மடமும் முகாமும் கெட்டுப்போகாது என்று சொல்லவில்லை. கெட்டுப்போனால் முதலில் அடைபடுவதும் இந்தக் கதவுதான்.)

கையேட்டுக்கு ஐந்தாறு கேள்விகள் போதும். விலகிப்போனவர்களைப் பற்றி உள்ளே என்ன பேசுகிறார்கள்? அடையாள அட்டை, வங்கி அட்டை, போன் யாருடைய கையில்? “யோசித்துச் சொல்கிறேன்” என்று சொன்னால் மூன்று நாள் கிடைக்குமா? ஒரு மணி நேரம் தனியாக இருக்க முடியுமா? தலைவரைப் பற்றிக் கேள்வி கேட்டால் பதில் கேள்விக்கு வருகிறதா, கேட்டவரின் குறைக்கு வருகிறதா? இரண்டாம் ஆண்டில் செய்யப்போகும் வேலையை முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் சேர்ந்திருப்பாரா?

கடைசிக் கேள்விக்குத்தான் எடை அதிகம். ஃப்ரீட்மனும் ஃப்ரேசரும் 1966-ல் செய்த சோதனையில், வீட்டு முற்றத்தில் ஒரு பெரிய அசிங்கமான சாலைப் பாதுகாப்புப் பலகை வைக்க நேரடியாகக் கேட்டபோது 17 சதவீதம் பேர்தான் சம்மதித்தார்கள். இரண்டு வாரம் முன்னால் அதே விஷயத்தில் உள்ளங்கை அளவுச் சின்ன அட்டை வைக்கச் சம்மதித்தவர்களிடம் கேட்டபோது 76 சதவீதம். அம்மி ஒரே தள்ளில் நகரவில்லை. குழுவுக்குள் ஒவ்வொரு படியும் முந்தைய படியை விடக் கொஞ்சம்தான் உயரம், திரும்பிப் பார்த்தால் தரை தெரியாது. “இவ்வளவு தூரம் வந்தது முட்டாள்தனமா?” என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்வதைவிட அடுத்த படி ஏறுவது சுலபம். புலிவாலைப் பிடித்தவன் நிலைதான்.

குழுவின் சொற்களுக்கு ஓர் அகராதி போட்டு வையுங்கள். மனநல மருத்துவர் ராபர்ட் லிஃப்டன், சீனக் கம்யூனிஸ்டுகளின் ‘சிந்தனைச் சீர்திருத்தம்’ கடந்துவந்த 40 பேரிடம் பேசி 1961-ல் வகுத்த எட்டு அடையாளங்களில் ஒன்று, மொழியில் பாரமேற்றுவது, அதாவது சொல்லுக்குள்ளேயே குழுவின் தீர்ப்பை ஏற்றிவிடுவது. சந்தேகத்துக்கு ‘அகங்காரம்’ என்று பெயர், வெளியேறுவதற்கு ‘வீழ்ச்சி’, பெற்றோருக்கு ‘பழைய ரத்தம்’. சந்தேகம் வந்த நொடியே அதை அடைக்கும் சொல்லும் கூட வந்துவிடும். அகராதி உங்களுக்குப் புரிந்துகொள்ளத்தான். பேசும்போது அந்தச் சொற்களை நீங்கள் எடுத்துப் பேசக்கூடாது, அவருடைய பழைய சாதாரணச் சொற்களிலேயே பேசுங்கள்.

---

தராசுமுள்

தனியாக ஒருவர் எதிர்த்துப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு ஜோன்ஸ்டவுன் ஒலிநாடா. கயானா காட்டில் 1978 நவம்பர் 18 அன்று மக்கள் ஆலயம் என்ற அமைப்பு தன் ஆட்களை விஷம் குடிக்க வைத்த கடைசிக் கூட்டத்தில் பதிவானது, முக்கால் மணி நேரம். அன்று இறந்தவர்கள் மொத்தம் 918 பேர், அதில் 909 பேர் அந்தக் குடியிருப்பிலேயே.

கிறிஸ்டின் மில்லர் என்ற பெண் எழுந்து ஒலிவாங்கி முன் பேசுகிறார். ரஷ்யாவுக்குப் போகும் வழி இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறார். குழுவை விட்டுப் போனவர்கள் கொஞ்சம் பேர், அதற்காக இத்தனை பேர் ஏன் சாக வேண்டும் என்கிறார். குழந்தைகளுக்கு வாழ உரிமை உண்டு என்கிறார். கவனிக்க வேண்டியது இதுதான்: தலைவர் ஜிம் ஜோன்ஸ் அவரை அதட்டவில்லை, வாதத்துக்கு வாதம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாயடைப்பது கூட்டம். பக்கத்தில் இருப்பவர்கள் கத்துகிறார்கள், ஒருவர் மாற்றி ஒருவர் வந்து தலைவருக்கு நன்றி சொல்கிறார்கள், கிறிஸ்டினின் குரல் அமுங்கிப்போகிறது.

சாலமன் ஆஷ் 1950-களில் செய்த கோடுகளின் நீளச் சோதனையில், எல்லோரும் வேண்டுமென்றே தவறான பதில் சொன்னபோது சோதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை தவறான பதிலையே ஒப்பித்தார்கள். நடுவில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னால் இந்த ஒப்பித்தல் கால்வாசியாகக் குறைந்தது. துணைக்கு ஒரு குரல் போதும். அந்த இரண்டாவது குரல் ஜோன்ஸ்டவுனில் எழவில்லை. ஏன் என்றால், ஒருவரையொருவர் வேவு சொல்லும் ஏற்பாடு பல ஆண்டாக இருந்தது. ‘வெள்ளை இரவு’ என்ற பெயரில் நள்ளிரவுக் கூட்டங்கள் நடந்தன, விஷம் என்று சொல்லிக் குடிக்கக் கொடுத்துவிட்டு இது சோதனைதான் என்று பிறகு சொன்னதும் உண்டு. சுற்றிலும் துப்பாக்கியோடு காவல். மனதுக்குள் கிறிஸ்டினை ஆமோதித்தவர்கள் எத்தனை பேரோ, அவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது.

‘ஊரோடு ஒத்து வாழ்’ என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதன் மறுபக்கம்.

---

குறுக்குச்சால்

இதை “தற்கொலை” என்று எழுதாததற்கு நன்றி. இறந்தவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் சிறுவர்கள்.

---

வெள்ளெருக்கு

கூழாங்கல்லின் மாதிரிச் செய்திக்கு வருகிறேன், வரி வரியாக.

“மோசடிக் கும்பல்.” அவர் தினமும் சேர்ந்து சாப்பிடும் பத்துப் பேரை மோசடிக்காரர் என்கிறீர்கள். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் அவரைப் போலவே சிக்கியவர்கள், அது அவருக்குத் தெரியும். முதல் வரியிலேயே உங்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது என்று நிரூபித்துவிட்டீர்கள்.

“மூளைச்சலவை செய்துவிட்டார்கள்.” உனக்குச் சொந்த மூளை இல்லை என்பதுதான் இதன் பொருள். ‘வெளியே இருப்பவர்கள் உன்னை மதிக்கமாட்டார்கள்’ என்று குழு ஏற்கனவே சொல்லி வைத்திருக்கும். நீங்கள் அதற்குச் சாட்சி சொல்கிறீர்கள்.

“14 இணைப்புகள்.” எதையும் திறக்க மாட்டார். திறந்தாலும், எதிரிகள் எழுதுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கும். தடுப்பூசி போட்டபின் கிருமியை அனுப்புகிறீர்கள்.

“அம்மா சாப்பிடாமல் அழுகிறாள்.” குற்ற உணர்ச்சி குழுவின் அன்றாட நாணயம். அதை அவர்கள் உங்களைவிட நன்றாகக் கையாள்வார்கள். குற்ற உணர்ச்சி வந்தால் அதற்கு மருந்து எங்கே கிடைக்கும் என்று அவருக்குப் பழக்கி வைத்திருக்கிறார்கள், அங்கேயே போவார்.

“இந்த மாதத்துக்குள் வராவிட்டால்…” இதுதான் மிகப் பெரிய சேதம். பழைய_ஏடு கதவு என்றாரே, அந்தக் கதவை வெளியிலிருந்து நீங்களே பூட்டுகிறீர்கள்.

ஒரு விஷயம் கையேட்டில் தடித்த எழுத்தில் போக வேண்டும்: செய்தியை மூன்றாவது ஆள் ஒருவர் படிப்பார் என்று வைத்துக்கொண்டே எழுத வேண்டும். பல குழுக்களில் போனைக் காட்டச் சொல்வார்கள், சிலவற்றில் அவரே போய் ஒப்புவிப்பார். மூன்றாமவர் படித்தாலும் அவருக்குத் தண்டனை வாங்கித் தராத செய்திதான் நல்ல செய்தி. “அங்கிருந்து தப்பிக்க உதவுகிறேன்” என்ற வரி அவருக்கு ஒரு வாரத் தூக்கத்தைப் பறிக்கலாம்.

நடைமுறை: மாதம் ஒரு நீளக் கடிதத்தைவிட வாரம் ஒரு மூன்று வரி மேல். ஒரே நாள், ஒரே ஆள். பதில் வராவிட்டாலும் நிறுத்தக் கூடாது, பதில் வராததைச் சுட்டிக் காட்டவும் கூடாது. குழுவுக்கு முந்தைய வாழ்வின் ஒரு துணுக்கு இருக்கட்டும், நாய்க்குட்டி, பழைய பாட்டு, தோழியின் திருமணம். பணம் கேட்டால் ரொக்கம் வேண்டாம், திரும்பி வர டிக்கெட், பல் மருத்துவர் கட்டணம், மூக்குக்கண்ணாடி என்று பொருளாகத் தரலாம். எந்தப் பத்திரத்திலும் குடும்பத்தார் கையெழுத்துப் போடக்கூடாது. பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, தேதி போட்டு, அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். உங்கள் வியாக்கியானம் வேண்டாம். ஆறு மாதம் கழித்து மாற்றம் தெரிவது அந்த நோட்டில்தான்.

---

கூழாங்கல்

நன்றி வெள்ளெருக்கு அக்கா, வலித்தாலும் பயன். ஒரு சந்தேகம். கொள்கையை எதிர்த்து வாதிடவே கூடாதா? “இந்தத் தேதியில் உலகம் அழியும்” என்று சொல்லி அழியவில்லை என்றால், அதுகூடச் சொல்லக் கூடாதா?

---

சாளரம்

சொல்லலாம், ஆனால் அதனால் பிடி விடும் என்று நம்பாதீர்கள். 1844 அக்டோபர் 22 அன்று கிறிஸ்து திரும்புவார் என்று காத்திருந்த, வில்லியம் மில்லர் என்ற அமெரிக்கப் போதகரின் சீடர்களில் பலர் கலைந்தார்கள், ஆனால் மிஞ்சியவர்களிடமிருந்து இன்றுவரை நிற்கும் சபையே உருவானது. 1954 டிசம்பர் 21-ல் பெருவெள்ளம் வரும் என்று காத்திருந்த சிகாகோ பக்கத்துச் சிறு குழுவை உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கரின் ஆட்கள் உள்ளேயிருந்து கவனித்தார்கள். வெள்ளம் வராதபோது, குழுவின் ஒளியால் உலகம் காப்பாற்றப்பட்டது என்ற செய்தி விடிகாலையில் ‘வந்தது’.

---

தராசுமுள்

ஃபெஸ்டிங்கரின் ஆய்வைக் கொஞ்சம் சந்தேகத்தோடே எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் வேடத்தில் நுழைந்த ஆய்வாளர்களே சிறிய குழுவில் கணிசமானவர்கள், அவர்கள் இருப்பதே நடப்பை மாற்றும். விண்கலம் வந்து அழைத்துப்போகும் என்று நம்பிய ஹெவன்ஸ் கேட் என்ற அமெரிக்கக் குழு இதைவிடத் தெளிவு. உடலோடு விண்கலம் ஏறுவோம் என்பதுதான் ஆரம்பப் போதனை. இரண்டு தலைவர்களில் ஒருவர், போனி நெட்டில்ஸ், 1985-ல் புற்றுநோயில் இறந்தார். உடல் இங்கேயே கிடந்தது. போதனை தகர்ந்திருக்க வேண்டும். மாறாக, உடல் வெறும் வாகனம், அதைக் கழற்றிவிட்டுப் போகலாம் என்று திருத்தம் வந்தது. 1997 மார்ச்சில் கலிபோர்னியாவில் 39 பேர் இறந்தது அந்தத் திருத்தத்தின்படி. தோற்ற தீர்க்கதரிசனம் சில சமயம் குழுவை இன்னும் ஆபத்தான பக்கம் தள்ளும். தன்னார்வலர் இதைத் தெரிந்திருக்க வேண்டும்: தேதி தவறிய உடனே, தலைவருக்கு நோய் வந்த உடனே, போலீஸ் விசாரணை தொடங்கிய உடனே அழைப்பு வந்தால் அது அவசரம்.

வாதத்துக்குப் பதில் கேள்வி கேளுங்கள், கொள்கையை விட்டுவிட்டு அன்றாடத்தைப் பற்றி. “கடைசியாக எப்போது எட்டு மணி நேரம் தூங்கினாய்?” என்பதற்குக் குழுவின் அகராதியில் ரெடிமேட் பதில் இல்லை. கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அடுத்த கேள்வி அடுத்த மாதம்.

---

குறுக்குச்சால்

ஆளைத் தூக்கிவந்து அறையில் அடைத்து மாற்றுவது? இன்னமும் கேட்பவர்கள் உண்டு.

---

பழைய_ஏடு

வேண்டவே வேண்டாம். 1970-களில் அமெரிக்காவில் டெட் பேட்ரிக் தொடங்கிவைத்த முறை. வயதுவந்தவரை அவர் சம்மதம் இல்லாமல் அடைப்பது ஆள்கடத்தல், பேட்ரிக்கே அதற்காகச் சிறை போனார். ஓர் இளைஞரை ஐந்து நாள் அடைத்துவைத்த வழக்கில் 1995-ல் பல லட்சம் டாலர் இழப்பீடு தீர்ப்பாகி ஒரு பெரிய கல்ட் எதிர்ப்பு அமைப்பே திவாலானது. சட்டத்தை விடுங்கள், உளவியலாகப் பார்த்தாலும் அடைப்பதும் தூக்கம் கெடுப்பதும் ஒப்புக்கொள்ளும் வரை விடாததும் அதே பிடர்மன் பட்டியல். தோற்றுத் திரும்பிப் போனவர் இரண்டு மடங்கு இறுக்கமாகப் போவார்.

அரசியல் தீவிரக் குழுக்களில் வேலை செய்வது வேறு பாதை. நார்வே 1997-லும் ஸ்வீடன் 1998-லும் ஜெர்மனி 2000-லும் விலக விரும்புவோருக்கு உதவும் ‘எக்ஸிட்’ திட்டங்களைத் தொடங்கின. அவை கொண்டுவந்த முக்கியப் பாடம், விலகுவதும் கொள்கையைக் கைவிடுவதும் தனித்தனி நிகழ்வுகள். பெரும்பாலும் கால் முதலில் வெளியே வரும், தலை பின்னால் வரும். அலுப்பு, உள்சண்டை, தலைவரின் இரட்டை வேடம் உள்ளிருந்து தள்ளும். வேலை, துணை, பிள்ளை வெளியிலிருந்து இழுக்கும். ஆகவே “முதலில் உன் கருத்தை மாற்று” என்று நிபந்தனை போட்டால் காரியம் கெடும்.

எக்ஸிட் ஜெர்மனி 2011-ல் செய்த வேலை செய்தி எழுதுவதற்கும் பாடம். ஜெர்மனியின் கேரா நகரில் நடந்த நவநாஜி இசை விழாவுக்கு 250 டி-சட்டைகளை நன்கொடையாக அனுப்பினார்கள், மண்டையோடும் கொடியும் அச்சிட்டு. வீட்டுக்குப் போய்த் துவைத்ததும் மேல் அச்சு கரைந்து, ‘உன் சட்டையால் முடிந்தது உன்னாலும் முடியும், விலக உதவுகிறோம்’ என்ற பொருளில் கீழே இருந்த வரி தெரிந்தது. யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், அவர் மட்டும் படிக்கும்படி. வாதம் இல்லை, திட்டு இல்லை, உதவிக்கு வழி மட்டும்.

---

சாளரம்

இருவர் மட்டும் உள்ள ‘குழு’வை மறந்துவிட்டோம். துணையைக் கட்டுப்படுத்துபவர் செய்வதும் இதே வேலைதான், சித்தாந்தம் மட்டும் இல்லை. இங்கிலாந்து, வேல்ஸில் 2015-ன் கடும் குற்றச் சட்டம் 76-ஆம் பிரிவு இதைக் குற்றமாக்கியது, அதிகபட்சம் ஐந்து ஆண்டு. ஒரு தனிச் சம்பவம் போதாது, தொடர் நடத்தையைக் காட்ட வேண்டும். அதனால்தான் தேதியிட்ட நோட்டு. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பிரிவு துணை, குடும்ப உறவுக்கு மட்டும், குழுத் தலைவருக்குப் பொருந்தாது. பிரான்ஸ் 2001-ல் வேறு வழியாகப் போனது, உளவியல் அடிமைநிலையில் இருப்பவரின் பலவீனத்தைப் பயன்படுத்துவதையே குற்றமாக்கியது.

இங்கே மேலே சொன்ன ‘வாரம் ஒரு செய்தி’ அப்படியே பொருந்தாது. விலகும் நேரமும் விலகிய முதல் சில மாதங்களும்தான் உயிராபத்து அதிகம். போனில் இருப்பிடம் பகிரப்படுகிறதா, ஒரே மின்னஞ்சல் கணக்கை இருவரும் பார்க்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். கண்காணிப்புச் செயலியைக் கண்டவுடன் நீக்கச் சொல்லாதீர்கள், நீக்கினால் அவனுக்குத் தெரிந்துவிடும். திட்டம் எல்லாம் வேறு போனில். தேதியை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பதின்வயதினரை இணையத்தில் பிடிக்கும் கும்பல்களுக்கு ஒரே வரி: அந்தரங்கப் படம் கைக்குப் போய்விட்டது என்றால் பணம் தராதே, அரட்டையை அழிக்காதே, சேமித்துவிட்டுத் தடைசெய், போலீஸ். பிள்ளையைத் திட்டினால் அவன் கும்பலிடமே திரும்புவான்.

---

வெள்ளெருக்கு

வெளியே வந்த பிறகு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ‘வந்துவிட்டார்’ என்று இனிப்பு கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

முதல் இரண்டு வாரம் தூக்கம், சாப்பாடு, மருத்துவர். விசாரணை வேண்டாம், பேட்டி வேண்டவே வேண்டாம். கடையில் எந்தச் சோப்பு வாங்குவது என்று நிற்பார், பத்து நிமிடம் ஆகும். எல்லாம் யாரோ முடிவு செய்த வாழ்க்கைக்குப் பின் அது இயல்பு. அவருக்காக நீங்கள் எடுத்துப் போடாதீர்கள், இரண்டு சோப்பை மட்டும் காட்டி எது என்று கேளுங்கள். ஒரு பாட்டோ வாசனையோ ஒரு சொல்லோ கேட்டதும் பழைய நிலைக்கு வழுக்கிப் போவார், ‘மிதப்பு’ என்போம். அப்போது இன்றைய தேதி, இருக்கும் இடம், பக்கத்தில் இருப்பவர் பெயர் ஆகியவற்றை உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். எது கிளப்பியது என்று எழுதிவைத்தால் வாரக்கணக்கில் குறைவது தெரியும்.

அடிக்கடி தவறுவது இரண்டு. ஒன்று, வெளியேறிய வேகத்தில் இன்னொரு ‘மீட்பு’ வகுப்பில், இன்னொரு குருவிடம் சேர்வது. இரண்டு, குழுவைப் பற்றித் தெரியாத ஆலோசகர் நேராகக் குழந்தைப் பருவத்துக்குப் போய், உன் வீட்டில்தான் கோளாறு என்று தொடங்குவது. உள்ளேயும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

உள்ளேயே பிறந்தவர்களுக்கு இது எதுவும் போதாது. ‘பழைய நீ’ என்று திரும்பிப் போக ஒருவர் இல்லை. பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எதுவும் இருக்காது. அவர்களுக்கு உளவியல் பேசுவதற்கு முன்னால் அடையாள அட்டை வாங்கிக் கொடுங்கள்.

---

கூழாங்கல்

கையேட்டில் போடத் திருத்திய மாதிரி. சரியா பாருங்கள்:

“நேற்று மழையில் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. நீ சின்ன வயதில் விட்ட காகிதக் கப்பல் ஞாபகம் வந்தது. உன் அறை அப்படியே இருக்கிறது, சாவி பழைய இடத்திலேயே. எப்போது பேசலாம்?”

---

வெள்ளெருக்கு

நல்லா வந்திருக்கு. கடைசி வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். கேள்விக்குறி வைத்தால் பதில் சொல்ல வேண்டிய கடன் ஏறும், பதில் சொல்ல முடியாதவர் அடுத்த செய்தியைத் திறக்கத் தயங்குவார். ‘ஞாயிற்றுக்கிழமை மறுபடி எழுதுகிறேன்’ என்று முடியுங்கள். எழுதினால் ஞாயிற்றுக்கிழமை எழுதியே ஆக வேண்டும், அதையும் அடிக்குறிப்பில் போடுங்கள்.